மூன்றாம் எண் குரல்

பிப்ரவரி 3

அண்ணா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் சண்டையில் போய் நிற்போம். அதனால் எழுதுகிறேன். ஆறு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவள் இப்போது வேலை என்றதும் எழுதுகிறாளே என்று நீ முணுமுணுப்பது இங்கேயே கேட்கிறது. ஆமாம், வேலைக்காகத்தான். உன் படக்கதையைக் கார்ட்டூன் தொடராக எடுக்கும் இந்த ஸ்டுடியோ என்னைச் சேர்த்துக்கொண்டதே, இருபத்திரண்டு வருடம் அதில் வரும் குட்டிப் பெண் புள்ளியின் பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்து எழுதியவள் என்பதற்காகத்தான். உனக்கும் இவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது என் உத்தியோகம்.

மருந்துக் கிடங்கு ஒன்றுக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது ஸ்டுடியோ. பதினொரு மேசைகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடிப் பலகை, அதற்கடியில் விளக்கு. ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படம் ஓட வேண்டுமாம். இவர்கள் பன்னிரண்டு வரைந்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டி ஒப்பேற்றுகிறார்கள். அப்படியும் ஒரு எபிசோடுக்கு ஏழாயிரத்துக்கு மேல் வருகிறது. என் அண்ணன் வாரத்துக்கு நான்கு கட்டம் வரைவதற்கே வீட்டை ரெண்டாக்குவார் என்று சொன்னேன். இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அறை முழுக்க அதைத் தேடுகிற ஆள் அவர். கெட்டவர் இல்லை.

இப்போது அவர்களுடைய கேள்விகள். ஒவ்வொரு பாத்திரத்தையும் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று சுற்றிவந்து பார்த்த மாதிரி ஒரே தாளில் வரைந்து சுவரில் மாட்ட வேண்டும். புள்ளியின் அப்பாவான நெட்டைக்கு முதுகு இருக்கிறது. கீழ்வீட்டு நாய்க்குக்கூட இருக்கிறது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வாரப் படங்களைப் புரட்டிவிட்டார்கள், புள்ளியின் முதுகு ஒன்றில்கூட இல்லை. நீதான் வரைந்து தர வேண்டும். அடுத்தது, கவுனில் உள்ள கோடுகள். ஒவ்வொரு படத்திலும் கோடுகள் இம்மி பிசகாமல் அதே இடத்தில் இல்லாவிட்டால் திரையில் கவுன் கொதிக்கிற மாதிரி நடுங்குகிறது. எடுத்துவிடலாமா? கையில் ஒரு விரலைக் குறைத்து நான்காக்கலாமா? பத்திரிகையில் கறுப்பு வெள்ளையாகவே வந்த கவுனுக்கு என்ன நிறம்?

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதினால் நீ கோபப்படுவாய். அதனால் எழுதவில்லை.

தங்கை


பிப்ரவரி 11

தங்கச்சிக்கு,

விரல் கேள்விக்கு முதலில் பதில். நான் வரைந்த கைகளை எண்ணிப் பார். இருபத்திரண்டு வருடமாக நான்கு விரல்தான். ஒரு வாசகர்கூடக் கேட்டதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத்து எழுதிய நீயும் பார்த்ததில்லை. உன் கவனம் அவ்வளவுதான்.

கோடுகளை எடுத்துவிட்டால் அது கவுனா, தலையணை உறையா? ஆனாலும் எடுத்துக்கொள்ளட்டும். நிறம் மஞ்சள். அதில் மாற்றுப் பேச்சில்லை, என் மகளுக்கு நான்தான் கடையில் நின்று வாங்கினேன்.

முதுகு கிடையாது. நான்கு கட்டத்தில் யாரைத் திருப்பினாலும் அவளைத் திருப்ப மாட்டேன். அவள் எப்போதும் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அதுதான் படக்கதை. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு போனதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு பெட்டி, பதினான்கு படி, திரும்பிப் பார்க்கவில்லை. நீயும் கூடவே இறங்கிப் போனாய். அதை வரைந்து தா என்று என்னிடம் கேட்கச் சொல்லி உன்னை அனுப்பியிருக்கிறார்கள் பார்.

இந்தத் தொடருக்கு நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். என் மகள் பத்திரிகை வாங்குவதில்லை. என் கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறாள் என்பது உனக்குத் தெரியும், இப்போது முகவரியும் மாறிவிட்டது. ஆனால் எங்கே இருந்தாலும் பக்கத்தில் எங்காவது ஒரு டிவி இருக்கும். ஒரு நாள் போகிறபோக்கில் புள்ளியைப் பார்ப்பாள். இரண்டு நிமிடம் நின்று பார்த்தால்கூடப் போதும், அவள் மனசு இளகிவிடும். எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஒருவனுக்கு மிச்சமிருப்பது அவ்வளவுதான்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். கேட்க மாட்டேன்.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

முதுகை இங்கே ஒருவர் வரைந்துவிட்டார். சுமாராக இருக்கிறது. பார்க்க வேண்டாம்.

இன்னொரு விஷயத்தில் மாட்டிக்கொண்டோம். புள்ளியின் முகம் இரண்டு புள்ளி, ஒரு கமா. அவ்வளவுதான். அவளுக்கு நீ வாயே வரைந்ததில்லை. அவள் பேச வேண்டியதையெல்லாம் நான் குமிழியில் எழுதினேன், எழுதச் சொல்லித் தந்தவன் நீ. கார்ட்டூனில் அது நடக்காது. முதலில் குரலைப் பதிந்துகொள்கிறார்கள். அதைக் கேட்டுக்கேட்டு எழுத்துக்கு எழுத்து வாயை வரைகிறார்கள். எட்டே எட்டு வாய்களை வைத்துக்கொண்டு எல்லாப் பேச்சையும் பேசவைத்துவிடுகிறார்கள். புள்ளிக்கு வாய் வைத்த தாளை இயக்குநர் காட்டியபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. யாரோ ஒரு பெண் என்னை முறைத்துப் பார்த்த மாதிரி இருந்தது.

தலைக் கிளிப்பும் போயிற்று. வலப்பக்கம் நடக்கும் படங்களைத் திருப்பிப் போட்டு இடப்பக்கம் நடக்கவைத்தால் வேலை மிச்சம், ஆனால் கிளிப் பக்கம் மாறிவிடுகிறது. ஜனங்கள் கண்டுபிடிப்பார்கள் என்று சொன்னேன். கிளிப்பை உச்சி நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கவுன் மஞ்சள் இல்லை, பச்சை என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொல்கிறார். நீ மறுபடி யோசித்துப் பார்.

இதெல்லாம் சில்லறை விஷயம். உண்மையில் எழுத வந்தது இதுதான். தயாரிப்பாளர் முதல் எபிசோடாக அந்தக் கடிதத்தை எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். குரல் தேர்வுக்கும் அதே வரிகளைத்தான் படிக்கக் கொடுக்கப்போகிறாராம். எந்தக் கடிதம் என்று நீ கேட்க மாட்டாய். அண்ணி செத்து மூன்றாவது வருடம், ஒன்பது வயதில், உன் மகள் அம்மாவுக்கு எழுதிச் செருப்புப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தது.

"அம்மா, நீ இருக்கிற இடத்தில் போன் இருந்தால் நம்பர் அனுப்பு. நான் அப்பாவிடம் சொல்ல மாட்டேன். எனக்கு முன் பல் இரண்டும் விழுந்துவிட்டது. நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. அதனால் நீ வருகிற அன்றைக்கு நானே கையைத் தூக்குகிறேன்."

எனக்கு இது மனப்பாடம். என் கையால் நான்தான் நான்கு குமிழிகளில் எழுதினேன். உன் கற்பனை என்று நினைத்து எழுதினேன். பத்திரிகை வந்த மறுநாள் வகுப்பில் பெண்கள் கையைத் தூக்கிக் காட்டி அவளைக் கேலி செய்தார்கள். பெரியவளான பிறகு அவள் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: புத்தகமாகப் போடும்போது அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று. நீ அதை முதல் பக்கத்தில் போட்டாய்.

ஒப்பந்தப்படி எந்தக் கதை வேண்டாம் என்று சொல்லவும் உனக்கு உரிமை இருக்கிறது. இதை வேண்டாம் என்று சொல். ஒரு வரி எழுதி அனுப்பு. அந்த ஒரு வரியை நான் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்ட முடியும். அதற்கு மேல் கேட்காதே.

தங்கை


மார்ச் 5

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கோபம்தான் வந்தது.

அந்த ஒரு வாரப் படத்தால்தான் ஜனங்கள் புள்ளியைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டார்கள். நான் செய்ததிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். என் பெண்டாட்டி போன பிறகு எனக்கு அழத் தெரியவில்லை. அந்தக் காகிதம் கையில் கிடைத்த அன்றைக்குத்தான் அழுதேன். அழுதுகொண்டே வரைந்தேன். அதைத் திருட்டு மாதிரி நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள். தொடரில் அவள் அதைப் பார்க்கட்டும். முப்பத்து நான்கு வயதாகிறது, இப்போது பார்த்தால் ஒரு தகப்பன் அதை ஏன் வரைந்தான் என்று புரியும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

குரல் தேர்வு நான் சொல்கிற மாதிரி நடக்க வேண்டும், ஒப்பந்தத்தில் அதுவும் இருக்கிறது. கேசட்டில் பெயர் இருக்கக் கூடாது. எண் மட்டும். பெயரைப் பார்த்தால் மனசு சாயும், யாருடைய சிநேகிதி, யாருடைய மைத்துனி என்று வந்துவிடும். நான் கேட்டுவிட்டுக் கருத்தை நேரே ஆபீசுக்கு அனுப்புவேன். தேர்வுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அதன் பிரதி போக வேண்டும். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல இங்கே எவருக்கும் துணிச்சல் இல்லை, அதனால்தான் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

கவுன் மஞ்சள். தெரிந்தவர் யார் அது, எனக்கே தெரியாமல்?

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

கேசட் இத்துடன் வருகிறது. மூன்று குரல்கள். நீ கேட்டபடி எண் மட்டும்.

சின்னப் பிள்ளைகளை ஏன் பேசவைக்கவில்லை என்று கேட்பாய். பிள்ளைகள் ஒரே வரியை இருபது தடவை சொல்ல மாட்டார்கள், அடுத்த வருடம் குரலும் மாறிப்போகும். கார்ட்டூன் பிள்ளைகளுக்கெல்லாம் பேசுவது பெரிய பெண்கள்தானாம். வந்த மூவரில் மூத்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது, பேரப்பிள்ளை இருக்கிறது. சுவர் முழுக்கப் பழைய மெத்தையை அடித்த ஒரு சின்ன அறை. விசிறி போட்டால் சத்தம் கேட்கும் என்று அதையும் நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் வேர்வையில் நனைந்து வெளியே வந்தார்கள். தேர்வு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் மூவரையும் என்னையும் சேர்த்து நிற்கவைத்து, படிக்கட்டில் கூட்டம் இறங்கும் சத்தத்தையும் பதிந்துகொண்டார். கூட்டத்துக்கென்று தனியாக ஆள் வைக்க மாட்டார்களாம். வாய்க்கு வந்த கடைச் சாமான் பட்டியலை ஆளுக்கு ஒரு பக்கம் ஒப்பித்தால் அதுவே கூட்டம் ஆகிவிடுகிறது. எனக்கு நான்கு சாமானுக்கு மேல் வாயில் வரவில்லை.

அண்ணா, ஒரு வேண்டுகோள். இதைப் போகிறபோக்கில் கேட்காதே. பகலில் கேள். தனியாக உட்கார்ந்து கேள். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்காமல் ஒவ்வொன்றாகக் கேள். அதிலும் மூன்றாவதை இரண்டு தடவை, முடிந்தால் மூன்று தடவை கேள். கருத்தை ஆபீசுக்கு அனுப்பும் முன்னால் எனக்கு எழுது. நான் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் இதற்கு மேல் ஒரு எழுத்துகூட எழுத முடியாது. இதையே எழுதியிருக்கக் கூடாது.

தங்கை


மார்ச் 20

ஆபீஸ் மேலாளருக்கு, பிரதி: தேர்வுக்கு வந்த மூவருக்கும், என் தங்கைக்கும்

கேசட்டைத் திருப்பி அனுப்புகிறேன்.

எண் 1: இதுதான் புள்ளி. கண்ணை மூடினால் எட்டு வயதுப் பிள்ளை எதிரே நிற்கிறது. இவரையே வைத்துக்கொள்ளுங்கள்.

எண் 2: தேன் அதிகம். பிஸ்கட் விளம்பரத்துக்குப் போகலாம்.

எண் 3: யாரோ ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்கிறார். "அம்மா" என்ற இடத்தில் குரல் தடுக்குகிறது. புள்ளி அந்த இடத்தில் தடுக்கமாட்டாள். குரலில் கோபம் இருக்கிறது. புள்ளிக்குக் கோபமே வராது. "நான் அப்பாவிடம் சொல்ல மாட்டேன்" என்பதை மிரட்டல் மாதிரி சொல்கிறார். கையைத் தூக்குகிறேன் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு எதற்கோ காத்திருக்கிறார், எதற்கென்று புரியவில்லை. இவருக்குப் பிள்ளை மனசு தெரியாது. இந்த வேலைக்கு இவர் வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

(தங்கச்சிக்கு மட்டும்: மூன்றாவது உன் சிநேகிதி என்பது எனக்கு விளங்காமல் இல்லை. சிபாரிசு செய்தாய் பார், அதனால்தான் நாலு வரி கூடவே எழுதினேன்.)


ஏப்ரல் 2

அண்ணா,

மூன்றாவது குரல் உன் மகள்.

உன் தாள் ஆபீசுக்கு வந்தபோது நான் காய்ச்சலில் இரண்டு நாள் லீவில் இருந்தேன். தட்டச்சு செய்பவர் மூன்று பிரதி அடித்து மூன்று உறையில் போட்டு அனுப்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, நீ சொன்னதைச் செய்தார். நான் வேலைக்குத் திரும்பிய அன்றைக்குத்தான் நீ எனக்குத் தனியாக அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். கீழே ஓடினேன். தபால் போய்விட்டிருந்தது.

நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் வாக்கு என்ன வாக்கு. அவள் இந்த ஊரில்தான் இருக்கிறாள். ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. நான் இந்த ஸ்டுடியோவில் சேர்ந்ததே அவள் இருக்கும் ஊர் என்பதால்தான். ஐந்து சனிக்கிழமை போய் அவள் தலையைத் தின்றேன். கவுன் பச்சை என்று சொன்னது அவள்தான். அதன் ஒரு துண்டு இன்னும் அவளிடம் இருக்கிறது, அதில்தான் கண்ணாடி துடைக்கிறாள். கடைசியில் அவளாகவே ஒரு நிபந்தனை வைத்தாள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்.

"அவரு படத்துல நான் இருபத்திரண்டு வருஷம் பேசினேன் அத்தை. ஒரு தடவைகூட என் குரல்ல இல்ல. பேர் போடாம கேட்கிறாராமே, நானும் வந்து பேசறேன். அவருக்கு என்னைத் தெரிஞ்சா நானே வீட்டுக்கு வர்றேன். தெரியலைன்னா அதுக்கப்புறம் நீங்க என்கிட்ட கேட்கக் கூடாது. நீங்க முன்னாடியே சொல்லக் கூடாது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அண்ணா. இதை நான் ஒத்துக்கொண்டேன். பெற்ற மகளின் குரல் ஒரு தகப்பனுக்குத் தெரியாமல் போகும் என்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை. அந்தக் கடிதத்தை வேண்டாம் என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் அவள் இந்தப் பரீட்சைகூட வைத்திருக்கமாட்டாள், நேராகவே வந்திருப்பாள். நீ எழுதவில்லை. அதனால் தன் கடிதத்தையே தன் வாயால் அந்த மெத்தை அறையில் நின்று படித்தாள். கையைத் தூக்குகிறேன் என்ற இடத்தில் உண்மையாகவே கையைத் தூக்கினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். அதற்குத்தான் காத்திருந்தாள்.

உன் தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன். தாளை நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டு, "கோபம் இருக்குங்கறதை மட்டும் சரியா கண்டுபிடிச்சிருக்கார்" என்று சொன்னாள்.

இதைத் தெரிவிக்காமலே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

தங்கை


ஏப்ரல் 9

தங்கச்சி,

என் டேப் ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்துபோயிருக்கிறது. குரல் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நான் கேட்டது அவள் குரலே இல்லை, வேறு ஏதோ ஒரு குரல். இதை அவளிடம் சொல். ரிப்பேர் கடைக்காரரிடம் சீட்டு எழுதி வாங்கி அனுப்புகிறேன்.

இல்லை. அப்படிச் சொல்லாதே. மற்ற இரண்டு குரலும் சரியாகத்தான் கேட்டன.

அந்தக் கேசட்டை உடனே அனுப்பு. இன்றைக்கே அனுப்பு. ஒரு தடவை கேட்டால் போதும், நீ சொல்லாமலே தெரிந்த மாதிரி ஆகிவிடும். ஆபீசுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்: எண் 1 வேண்டாம், எண் 3 போதும், முதல் எபிசோடையும் எடுக்க வேண்டாம். அவள் முகவரியை அனுப்பு. நான் பஸ்ஸில் வந்து அந்தக் கண்ணாடிக் கடை வாசலில் நிற்கிறேன், உள்ளே போகமாட்டேன். எனக்கும் கண்ணாடி மாற்ற வேண்டும், வாடிக்கையாளன் மாதிரி வருகிறேன்.

அவள் முடியை எப்படி வைத்திருக்கிறாள்? நீ பார்த்தாயே, எழுது. கவுன் பச்சையா? மஞ்சள் கவுன் வாங்கிய கடைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறதே. அப்படியானால் அந்தக் கவுனை யாருக்கு வாங்கினேன்?

அண்ணன்


ஜூன் 16

அண்ணா,

உன் ஆறு கடிதங்களும் வந்தன. நல்ல சேதியோடு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். இப்போதும் நல்ல சேதி எதுவும் இல்லை.

அவள் கண்ணாடிக் கடையை விட்டு நின்றுவிட்டாள். அறையைக் காலி செய்துவிட்டாள். எங்கே என்று என்னிடமும் சொல்லவில்லை. இனி கேட்கக் கூடாது என்பதுதான் பேச்சு, நானும் கேட்கவில்லை. போகும்போது பேருந்து நிறுத்தம்வரை நடந்து போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். முடியைக் கழுத்தளவு வெட்டியிருக்கிறாள், பின்பக்கம் கொஞ்சம் நரைத்திருக்கிறது. கேட்டாயே, அதனால் எழுதுகிறேன்.

நீ எழுதியதை ஆபீஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எண் 1 ஆகப் பேசிய அம்மாவின் குரலுக்கு ஏற்கெனவே ஆறு எபிசோடுக்கு வாய் வரைந்தாகிவிட்டது. குரலை மாற்றினால் ஒவ்வொரு வாயையும் மாற்ற வேண்டும். உன் கையெழுத்து ஒரு முறைதான் செல்லும் என்று ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். முதல் எபிசோடைப் போட்டுப் பார்த்தபோது தயாரிப்பாளர் முதற்கொண்டு எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் வெளியே போய் மருந்துக் கிடங்கு வாசலில் நின்றேன்.

கேசட் இல்லை, அண்ணா. தேர்வு முடிந்த டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்துவது இங்கே வழக்கம். மூலப் பதிவும் போய்விட்டது. நீ கேட்ட அந்தக் கேசட்டின்மேல் இப்போது இரண்டாம் எபிசோடின் மழை இருக்கிறது. அதுவும் மழை இல்லை. காகிதத் தட்டில் சர்க்கரையைக் கொட்டிப் பதிந்த சத்தம்.

ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் எனக்குள் வைத்திருந்தேன். படிக்கட்டுக் கூட்டச் சத்தத்தைப் பதிந்தோம் என்று எழுதினேனே, அதை நான்காம் எபிசோடில் சேர்த்திருக்கிறார்கள். குடியிருப்பில் புகை என்று யாரோ கத்த எல்லோரும் இறங்கி ஓடும் இடம். கடைச் சாமான் பட்டியல் ஒப்பிக்கச் சொன்னபோது நாங்கள் மூவரும் சோப்பு, சர்க்கரை என்று உளறினோம். அவள் உளறவில்லை. சின்ன வயதில் நீ அவளை ஸ்டேஷனரிக் கடைக்கு அனுப்புவாயே, வழியெல்லாம் மறக்காமல் இருக்கச் சொல்லிக்கொண்டே போவாளே, அதைச் சொன்னாள். "கறுப்பு மை ஒரு புட்டி, நிப் ரெண்டு, அழி ரப்பர் ஒண்ணு, மீதிச் சில்லறையைக் கையில பிடிச்சுக்கணும்." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன், என் காதால் கேட்டேன். மற்றச் சத்தங்களோடு கலந்தாயிற்று, இனிமேல் தனியாகப் பிரிக்க முடியாதாம்.

ஜூலை 26, சனிக்கிழமை, மாலை ஐந்தரைக்கு வருகிறது.

தங்கை


ஜூலை 29

தங்கச்சிக்கு,

நான்கு வாரமும் பார்த்தேன்.

முதல் வாரம் அந்த எண் 1 அம்மா கடிதத்தைப் படித்தபோது ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. அது பிள்ளைக் குரலே இல்லை. வாரா வாரம் வரைந்து முடித்ததும் நான் உனக்கு அவளைப் போலப் பேசிக் காட்டுவேனே, கொஞ்சம் மழலை, கொஞ்சம் மூக்கு, அந்தக் குரல். என் குரல். இத்தனை வருடமும் அதைத்தான் அவள் குரல் என்று காதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதையே மூன்று பேரில் சரியாகத் தேர்ந்தெடுத்தும் கொடுத்தேன். அவள் உண்மையில் எப்படிப் பேசுவாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவள் சொன்னதெல்லாம் ஞாபகம் வருகிறது. நீ எழுதிய எழுத்தில் வருகிறது. சத்தம் வரவில்லை.

சனிக்கிழமை மதியமே டேப் ரெக்கார்டரைப் புது பெல்ட் மாட்டி டிவி பக்கத்தில் வைத்துவிட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்து வீட்டில் சொல்லி மிக்சியைப் போடாமல் இருக்கச் செய்தேன். நான்காம் எபிசோடில் புகை என்று கத்துகிறார்கள், எல்லோரும் இறங்குகிறார்கள். புள்ளியும் நம்மைப் பார்க்காமல் திரும்பி இறங்குகிறாள், முதுகு தெரிகிறது, சுமார்தான். அதற்குமேல் ஒரு பாட்டை ஏற்றிவைத்திருக்கிறார்கள். தாளம், ஊதல், எல்லாம். அந்தக் காட்சி பதினொரு நொடி. இதுவரை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று எண்ணவில்லை. மையும் இல்லை, நிப்பும் இல்லை, ரப்பரும் இல்லை. ஏழாவது நொடியில் மேளம் ஒரு கணம் நிற்கிறது, அங்கே ஒரு பெண் குரல் "ரெண்டு" என்கிறது. அவ்வளவுதான். அவளாக இருக்கலாம். எண் 1 அம்மாவாக இருக்கலாம், சோப்பு ரெண்டு. நீயாகக்கூட இருக்கலாம். உன் குரலாவது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், அதுவும் தெரியவில்லை.

நேற்று உனக்கு வேறொரு கடிதம் எழுதினேன். கேட்டேன், முதல் தடவையே அடையாளம் கண்டுகொண்டேன், அவளிடம் சொல் என்று. நன்றாகவே வந்திருந்தது. படித்தால் நீ நம்பியிருப்பாய், நீ சொன்னால் அவளும் நம்பியிருப்பாள். அவள் குமிழிக்குள் என்ன எழுத வேண்டும் என்பது எனக்கு எப்போதும் தெரியும், என் குமிழிக்குள் மட்டும் தெரியாதா? கிழித்துவிட்டேன்.

அவள் உன்னைக் கூப்பிடமாட்டாள் என்று தெரியும். ஒருவேளை எப்போதாவது கூப்பிட்டுக் கேட்டால், உள்ளதைச் சொல். அப்பா கேட்டார், தெரியவில்லை என்று சொல். தெரிந்ததாகச் சொல்லச் சொன்னாலும் சொல்லாதே, நான் அப்படிக் கேட்டு எழுதினாலும் சொல்லாதே.

தபாலில் போடும் முன் இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். ரெண்டு என்றுதான் சொல்கிறாள், யாரோ.

அண்ணன்